வினாத்தொகுதிகளைக் குலுக்கிப் பார்த்த அனுபவம்

எங்கள் கல்லூரியில் மாணவர்களிடம் வசதிகளைப் பற்றி ஆண்டுதோறும் கருத்துக் கேட்கும் பொறுப்பு, கணினி தெரிந்தவர் என்ற ஒரே தகுதியின் பேரில், சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்து சேர்ந்தது. தேர்வுப் பிரிவு, உணவகம், கணினி ஆய்வகம், நூலகம் ஆகிய நான்கைப் பற்றியும் எட்டெட்டுக் கேள்விகள். தொடக்கத்தில் மாணவரின் துறை, ஆண்டு முதலிய விவரங்கள். முடிவில் விரும்பியதை எழுத ஒரு பெட்டி. முதல் ஆண்டு இதை கூகுள் ஃபார்ம்ஸில் அமைத்தேன். நான் சொன்ன அந்த வரிசையிலேயே நான்கு பகுதிகளும் எல்லோருக்கும் சென்றன. வரிசையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அறிக்கை மேசைக்கு வந்தபோது, உணவகத்துக்கு எதிர்பாராத அளவுக்குக் குறைந்த மதிப்பெண்ணும், நூலகத்துக்கு நல்லதும் இல்லாத கெட்டதும் இல்லாத ஒரு நடுத்தர மதிப்பெண்ணும் கிடைத்திருந்தன. நூலகத்தில் பெரிய குறை எதுவும் இல்லை என்று முடிவு செய்து, அந்த ஆண்டுக்கான செலவுப் பட்டியலிலிருந்து அதைக் கூட்டத்திலேயே நகர்த்திவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து நூலகப் பொறுப்பாளர் அம்மையார் விடைத்தாளின் மூலப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, “சார், எங்களுடைய எட்டுக் கேள்விக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரே பதிலைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்களே, படித்துத்தான் போட்டார்களா?” என்று கேட்டார். பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். ‘ஓரளவு திருப்தி’ என்ற நடுத் தெரிவையே விரலால் தேய்த்துக்கொண்டு இறங்கியது போல எட்டு வரிசையிலும் குறித்துவிட்டு வெளியேறியிருந்தவர்கள், நூலகப் பகுதியில் மற்ற மூன்று பகுதிகளையும்விட மிகுதியாக இருந்தார்கள்.

அங்கே நடந்திருந்தவை இரண்டு வேறு வேறு செய்திகள் என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கியது. ஒன்று, களைப்பு. இருபத்து நான்கு கேள்விகளுக்குப் பிறகு, கைப்பேசியின் சிறு திரையில் இன்னும் எட்டு வரிசை கொண்ட ஒரு கட்டம் வரும்போது, பதில் சொல்பவரின் கவனம் நூலகத்தில் இருப்பதில்லை; ‘சமர்ப்பி’ பொத்தானில் இருக்கிறது. இணையவழிக் கருத்தாய்வுகளில் தொகுதிகளின் இடத்தை மாற்றி மாற்றி வைத்து ஆராய்ந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே காட்டியிருந்தது: பின்னால் வரும் கேள்விகளுக்கான பதில்கள் விரைவானவையாகவும் சுருக்கமானவையாகவும் ஒன்றுபோலவும் ஆகிவிடுகின்றன. மற்றொன்று, ஒரு பகுதியின் மனநிலை அடுத்த பகுதிக்குள் கசிவது. அந்தப் பருவத்தில் மறுமதிப்பீட்டு முடிவுகள் வரத் தாமதமாகியிருந்தது; தேர்வுப் பிரிவைப் பற்றிய எட்டுக் கேள்விகளில் கொட்டிய கோபம் ஆறுவதற்குள் உணவகத்தின் சாம்பாரைப் பற்றிக் கேட்டிருந்தோம். உணவகத்துக்கு விழுந்த அடியில் எவ்வளவு சாம்பாருக்கு, எவ்வளவு மறுமதிப்பீட்டுக்கு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியே இல்லை, ஏனென்றால் எல்லோரும் ஒரே வரிசையில் பதில் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு நான்கு தொகுதிகளின் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும் என்று குழுவில் சொன்னபோது, கேள்விகள் அவையேதானே, முன்பின்னாகக் கேட்டால் பதில் மாறிவிடுமா என்று கேட்டார்கள். அமெரிக்காவில் 1948இல் நடந்த ஒரு சோதனையைச் சொன்னேன். கம்யூனிஸ்ட் நாட்டுச் செய்தியாளர்களை அமெரிக்காவுக்குள் வந்து செய்தி திரட்ட அனுமதிக்கலாமா என்ற கேள்வியை முதலில் கேட்டபோது, சம்மதித்தவர்கள் 36 விழுக்காடு. அமெரிக்கச் செய்தியாளர்களை அந்த நாடுகள் அனுமதிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பிறகு அதே கேள்வியைக் கேட்டபோது 73 விழுக்காடு. நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா என்ற எண்ணம் இடையில் புகுந்துகொண்டது. சொல்லில் ஓர் எழுத்துகூட மாறாமல் எண்ணிக்கை இரட்டிப்பானதைக் கேட்டபின் குழுவில் வேறு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

கூகுள் ஃபார்ம்ஸில் கேள்விகளின் வரிசையைக் கலைக்கும் வசதி உண்டு. ஆனால் அது பகுதிக்குள் இருக்கும் கேள்விகளைத்தான் கலைக்கும், பகுதிகளையே இடம் மாற்றாது. எல்லாக் கேள்விகளையும் ஒரே பகுதியில் கொட்டிக் கலைத்துவிடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அப்படிச் செய்தால், பதில் சொல்பவர் உணவகத்திலிருந்து நூலகத்துக்கும் நூலகத்திலிருந்து தேர்வுப் பிரிவுக்கும் கேள்விக்குக் கேள்வி தாவ வேண்டியிருக்கும். ஒரு பொருளைப் பற்றி நினைவைத் திரட்டிக்கொண்டு அதிலேயே நின்று பதில் சொல்வதுதான் மனிதர்களுக்கு இயல்பு. தாவவிட்டால், களைப்பைக் குறைக்கப் போய் அதைக் கூட்டியவர்களாவோம். கலைக்க வேண்டியது தொகுதிகளை. தொகுதிக்குள் இருப்பவற்றைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம்.

ஆகவே லைம்சர்வேக்கு மாறினேன். இது கட்டற்ற மென்பொருள். கல்லூரியின் சொந்த வழங்கியிலேயே (சர்வர்) நிறுவிக்கொள்ள முடிந்தது. இதில் ஒவ்வொரு வினாத்தொகுதியின் அமைப்புப் பக்கத்திலும் ‘ரேண்டமைசேஷன் குரூப்’, அதாவது குலுக்கல் குழு, என்ற ஒரு சிறு பெட்டி இருக்கிறது. எந்தெந்தத் தொகுதிகளில் அந்தப் பெட்டியில் ஒரே பெயர் எழுதப்பட்டிருக்கிறதோ, அவை தமக்குள் இடம் மாறிக்கொள்ளும். பெட்டி காலியாக இருக்கும் தொகுதி தன் இடத்தை விட்டு அசையாது. இவ்வளவுதான் விதி. இதைப் படிக்க அரை நிமிடம் ஆகும். இதன் விளைவுகளைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் முழுவதும் ஆனது.

முதல் தவறு உற்சாகத்தால் வந்தது. எல்லாத் தொகுதிகளிலும் பெயரை எழுதிவிட்டேன். சோதனைக்காகத் திறந்து பார்த்த சக ஆசிரியருக்கு முதல் பக்கத்திலேயே உணவகம் வந்தது. ‘இந்த ஆய்வில் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்’ என்ற பக்கம் மூன்றாவதாக வந்தது. விருந்து பாதி முடிந்தபிறகு வாசலில் நின்று வரவேற்றதைப் போலத்தான் அது. சம்மதமும் அடிப்படை விவரங்களும் கொண்ட முதல் தொகுதியிலும், கருத்துப் பெட்டி இருக்கும் கடைசித் தொகுதியிலும் பெயரை நீக்கினேன். குலுக்கலைத் தொடங்கும் முன் எவை குலுங்கக்கூடாது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளும் பழக்கம் அன்று வந்ததுதான்.

இரண்டாம் தவறு இன்னும் சிறியது, ஆனால் கண்ணுக்குத் தெரியாதது. மூன்று தொகுதிகளில் ‘சர்வீஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய நான், நூலகத் தொகுதியில் மட்டும் பன்மையாக ‘சர்வீசஸ்’ என்று எழுதியிருந்தேன். மென்பொருளைப் பொறுத்தவரை அது வேறொரு பெயர். அந்தப் பெயரில் ஒரே ஒரு தொகுதிதான் இருக்கிறது. எனவே அது தன்னோடு தானே இடம் மாறிக்கொண்டு, லைம்சர்வேயில் நான் வைத்திருந்த மூன்றாம் இடத்திலேயே நின்றது. பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் மென்பொருளின் கணக்கில் இது பிழையே அல்ல. நான்கு முறை திறந்து பார்த்தபோது மற்ற மூன்றும் இடம் மாறிக்கொண்டிருந்ததால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. எட்டு முறை திறந்து, ஒவ்வொரு முறையும் வந்த வரிசையைத் தாளில் குறித்த பிறகுதான் நூலகம் எட்டு முறையும் மூன்றாவதாகவே வந்திருப்பது தெரிந்தது. ஒரு தொகுதி நியாயமான குலுக்கலில் குறிப்பிட்ட ஓரிடத்தில் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. எட்டு முறையும் அப்படியே நிகழ 65,536இல் ஒன்று. இத்தகைய தற்செயல் நமக்கு நேராது என்று எண்ணித் தேடியதில் அந்த ஓர் எழுத்து அகப்பட்டது. அதன்பிறகு பெயரைத் தட்டச்சு செய்வதையே விட்டுவிட்டேன். ஒரு தொகுதியில் எழுதியதைப் படியெடுத்து மற்றவற்றில் ஒட்டுகிறேன்.

சோதித்துப் பார்ப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொகுதியை மட்டும் முன்னோட்டம் பார்த்தால் வரிசை தெரியாது. கருத்தாய்வை முதலிலிருந்து திறக்க வேண்டும். உலாவியில் ஒருமுறை தொடங்கிய அமர்வு அதே வரிசையை வைத்துக்கொள்ளும், அதுவே சரியும்கூட, ஏனெனில் மாணவர் பின்பக்கம் போய்த் திரும்பும்போது வரிசை மாறிவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஆனால் சோதிப்பவர் இதை அறியாமல் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துவிட்டு, குலுக்கல் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்வார். ஒவ்வொரு முறையும் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிடோ) திறப்பது எளிய வழி.

சொற்களும் வரிசையைக் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு தொகுதியின் தலைப்பிலும் ‘அடுத்ததாக’, ‘இறுதியாக’, ‘மேலே சொன்ன வசதிகளைப் போலவே’ என்று இணைப்பு வாசகங்கள் எழுதியிருந்தேன். கட்டுரை எழுதும் கை சும்மா இருக்காது. முதலில் வந்த தொகுதி ‘இறுதியாக’ என்று தொடங்கினால் படிப்பவர் சிரித்துவிட்டு மூடிவிடுவார். ஆங்கில வடிவத்தில் இவற்றையெல்லாம் நீக்கிவிட்டேன். ஆனால் லைம்சர்வேயில் ஒவ்வொரு மொழிக்கும் உரை தனித்தனியாக இருக்கும் என்பதை மறந்து, தமிழ் வடிவத்தை அப்படியே விட்டிருந்தேன். தமிழில் திறந்த ஒரு மாணவி சொல்லித்தான் அது தெரிந்தது. கேள்வி எண்களைக் காட்டுவதையும் நிறுத்திவிடுவது நல்லது. யாராவது ‘பதினேழாம் கேள்வி புரியவில்லை’ என்று வந்து கேட்டால், அது எந்தக் கேள்வி என்று உங்களுக்கும் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு கருத்தாய்வைத் திறந்தோம். உண்மையான விபத்து இரண்டாம் நாளில்தான் தெரிந்தது. நூலகத் தொகுதியில், ‘நூலகம் வழங்கும் மின்னிதழ்களைப் பயன்படுத்துகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்றவர்களுக்கு மட்டும், ஆய்வகத் தொகுதியில், ‘அந்த மின்னிதழ்களை ஆய்வகக் கணினிகளில் தடையின்றித் திறக்க முடிகிறதா?’ என்ற கேள்வி தோன்றும்படி நிபந்தனை அமைத்திருந்தேன். நூலகம் முதலிலும் ஆய்வகம் பின்னரும் வந்தால் இதில் சிக்கல் இல்லை. ஆய்வகம் முதலில் வந்துவிட்டால், நிபந்தனை தேடும் பதில் இன்னும் பிறக்கவே இல்லை. மென்பொருள் அதை வெற்று விடையாகக் கொண்டு, கேள்வியை மறைத்துவிட்டு அமைதியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கட்டாயக் கேள்வி அல்லாததால் முடிவிலும் யாரும் தடுக்கப்படவில்லை. இரண்டு தொகுதிகளில் எது முன், எது பின் என்பதற்கு வாய்ப்பு சரிபாதி. எனவே மின்னிதழ் பயன்படுத்துவோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி காட்டப்படவே இல்லை. வடிவமைப்பு வரிசையில் நூலகம் முன்னால் இருந்ததால், மென்பொருளின் தருக்கச் சரிபார்ப்புப் பக்கமும் எந்தக் குறையும் சொல்லியிருக்கவில்லை.

இயங்கிக்கொண்டிருக்கும் கருத்தாய்வில் லைம்சர்வே புதிய கேள்வியைச் சேர்க்கவோ, ஒரு கேள்வியை வேறு தொகுதிக்கு நகர்த்தவோ விடாது. செயலிழக்கச் செய்தால் திருத்தலாம். ஆனால் அதுவரை வந்த பதில்கள் தனி அட்டவணையாக ஒதுக்கி வைக்கப்பட்டுவிடும், பாதியில் நிறுத்திச் சேமித்து வைத்திருப்பவர்கள் திரும்பி வந்து தொடர முடியாது. நிபந்தனையை மட்டும் மாற்ற இயலும் என்பதால் அதை நீக்கி, கேள்வி எல்லோருக்கும் தெரியும்படி செய்து, அதன் முகப்பில் ‘மின்னிதழ்களைப் பயன்படுத்துவோர் மட்டும்’ என்று சேர்த்தேன். அலங்கோலமான ஒட்டுதான். முதல் இரண்டு நாள் பதில்களை அந்த ஒரு கேள்வியின் கணக்கிலிருந்து தள்ளிவிட்டு, அப்படித் தள்ளியதை அறிக்கையிலும் எழுதினேன். இப்போது நான் வைத்திருக்கும் விதி எளிமையானது: குலுங்கும் தொகுதியில் உள்ள ஒரு கேள்வியின் நிபந்தனை, அதே தொகுதியில் உள்ள முந்தைய கேள்வியையோ, அசையாத முதல் தொகுதியில் உள்ள கேள்வியையோ மட்டுமே சுட்ட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. மின்னிதழ்க் கேள்வி மறு ஆண்டு முதல் தொகுதிக்குக் குடிபெயர்ந்தது.

அடுத்த சிக்கல், பதில்கள் எல்லாம் வந்து சேர்ந்து, கோப்பைத் தரவிறக்கிய பிறகு எழுந்தது. கோப்பில் கேள்விகளுக்கான நெடுவரிசைகள் நான் வடிவமைத்த வரிசையிலேயே இருந்தன; எந்த மாணவர் எந்த வரிசையில் பார்த்தார் என்பதற்கு நேரடியான தடயம் இல்லை. குலுக்கலுக்கு விதையாக அமைந்த எண் ஒன்று ஒவ்வொரு பதிலுடனும் சேமிக்கப்படுகிறது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து வரிசையைச் சொல்ல மனிதரால் ஆகாது, மென்பொருளின் குலுக்கலை மீண்டும் நிகழ்த்திப் பார்க்க வேண்டும். வரிசை தெரியாவிட்டால் குலுக்கல் முழுப் பயனைத் தராது. குலுக்கலால் வரிசையின் விளைவு மறைந்துவிடுவதில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். களைப்பும் கசிவும் முன்பு இருந்த அளவிலேயே இருக்கும், நான்கு தொகுதிகளும் அவற்றைச் சராசரியில் ஏறக்குறைய சமமாகச் சுமக்கும், அவ்வளவுதான். அந்தச் சுமையை அளக்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் பார்த்த வரிசை கையில் இருக்க வேண்டும்.

அதற்கு நான் கண்ட வழி, ஒவ்வொரு தொகுதியிலும் சமன்பாட்டு வகைக் கேள்வி ஒன்றை, அதாவது மாணவருக்குப் பதிலாக மென்பொருளே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும் ஒன்றை, மறைத்து வைப்பது. அந்தக் கேள்வி காலியாக இருந்தால் அந்நேரத்து மணி, நிமிடம், நொடியை எழுத வேண்டும். ஏற்கெனவே நேரம் பதிவாகியிருந்தால் அதைத் தொடக்கூடாது. இந்த ‘காலியாக இருந்தால்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டால், மாணவர் பின்பக்கம் போய் வரும்போதெல்லாம் நேரம் மாறி எழுதப்பட்டுவிடும். பக்கத்துக்கு ஒரு தொகுதி வரும்படி அமைத்த கருத்தாய்வில்தான் இது பயன்படும். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் காட்டினால் நான்கு நேரங்களும் ஒன்றாகவே இருக்கும். நான்கு நேரங்களை வரிசைப்படுத்தினால் மாணவர் பார்த்த வரிசை கிடைத்துவிடுகிறது. கருத்தாய்வை இயக்கத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அது இரண்டாம் சுற்றில்தான் வாய்த்தது.

வரிசை கையில் இருந்தபோது செய்ய முடிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு தொகுதிக்கும் அது முதலாவதாக வந்தவர்களின் பதில்களை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பது. அவர்களுக்கு அந்தத் தொகுதிக்கு முன் வேறெந்த வசதியும் நினைவூட்டப்படவில்லை, களைப்பும் இல்லை. அந்தப் பதில்களை, அதே தொகுதி நான்காவதாக வந்தவர்களின் பதில்களுடன் ஒப்பிட்டால், நடுத் தெரிவைத் தேய்த்துக்கொண்டு போவது எங்கே கூடுகிறது என்று கண்ணுக்கே தெரிகிறது. பாதியில் விலகியவர்கள் விட்டுச் செல்லும் வெற்றிடமும், முன்பு போல நூலகத்தின் தலையில் மட்டும் விழாமல், நான்கிலும் பரவியிருந்தது.

எத்தனை பேர் இருந்தால் இது பொருள் தரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நான்கு தொகுதிகளை 24 வகையாக வரிசைப்படுத்தலாம். 240 பேர் பதில் சொன்னால் வரிசைக்குப் பத்துப் பேர் என்பது சராசரி மட்டுமே. குருட்டுக் குலுக்கலில் ஒன்றுக்கு ஐந்தும் மற்றொன்றுக்குப் பதினாறும் விழுவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு தொகுதி முதலிடத்தில் வருவது 60 முறை என்ற எதிர்பார்ப்பைச் சுற்றி ஏறக்குறைய ஏழு என்ற திட்ட விலக்கத்தோடுதான் (சராசரியைச் சுற்றிய பரவலின் அளவு) அலையும். அதாவது 46க்கும் 74க்கும் வெளியே போவது அரிது. எனவே நூறுக்குக் கீழே பதில்கள் வரும் என்றால் தன்போக்கான குலுக்கலை நம்பாமல், நான்கே நான்கு வரிசைகளை நாமே தேர்ந்துகொண்டு அவற்றை முறைவைத்துக் கொடுப்பது மேல். குவால்ட்ரிக்ஸ் போன்ற கட்டண மென்பொருள்களில், தொகுதிகளைச் சம எண்ணிக்கையில் காட்டுவதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது. லைம்சர்வேயில் ஒன்று முதல் நான்கு வரை ஓர் எண்ணை உருட்டிப் போட்டு, அந்த எண்ணுக்கேற்ப தொகுதிகளின் வெவ்வேறு நகல்களைக் காட்டச் செய்யலாம். ஆனால் நான்கு தொகுதிகளுக்கு நான்கு வரிசை என்றால் பதினாறு நகல்கள், அவற்றின் பதில்களைப் பின்னர் ஒன்றாகத் தைக்கும் வேலை வேறு. ஒருமுறை முயன்றேன். மறுமுறை முயலவில்லை.

நான்கு வரிசை முறையை நான் முழுமையாகப் பயன்படுத்தியது மென்பொருளில் அல்ல, காகிதத்தில். கைப்பேசி கொண்டு வராத வகுப்புகளுக்காக ஒரு முறை 60 தாள் கட்டுகளை அச்சிட்டோம். தேர்வுப் பிரிவு, உணவகம், ஆய்வகம், நூலகம் ஆகியவற்றை முறையே 1, 2, 3, 4 என்று கொண்டால், வரிசைகள் 1-2-4-3, 2-3-1-4, 3-4-2-1, 4-1-3-2. இந்த நான்கிலும் ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை வருகிறது. அதோடு எந்த ஒரு தொகுதியும் மற்ற ஒவ்வொன்றுக்கும் நேர் முன்னால் சரியாக ஒருமுறை நிற்கிறது. வரிசைக்குப் பதினைந்து படிகள். முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை, நான்காம் வகை என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலிருந்து எடுத்துக் கொடுத்தால் போதும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெவ்வேறு வரிசை போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டு, கட்டை மேசையில் வைத்துவிட்டு வகுப்பெடுக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது முதல் வகுப்புக்குத் தாள்கள் போய்விட்டிருந்தன. நிரப்பித் திரும்பி வந்தவற்றைப் புரட்டினால் ஏறக்குறைய எல்லாமே முதல் வகை. அலுவலக உதவியாளர் ஐயாவிடம் கேட்டேன். தாள்கள் ஒன்றோடொன்று கலந்து கிடந்ததைப் பார்த்து, யாரோ கைதவறி மாற்றி அடுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து வகைவாரியாகப் பிரித்து ஒழுங்காக வைத்திருந்தார். அவரிடம் என்ன சொல்வது? நன்றி சொல்லிவிட்டு, மீதி இருந்தவற்றை அடுத்த வகுப்புக்குள் மறுபடியும் இரண்டு, மூன்று, நான்கு என்று நானே மாற்றி அடுக்கி, மேல் தாளில் பென்சிலால், ‘இப்படித்தான் கலந்திருக்க வேண்டும், பிரிக்க வேண்டாம்’ என்று எழுதி வைத்தேன்.